விரல் நுனியில் ஒரு தராசு



வியாபாரிகளாகிய நமக்குத் தராசைப் பற்றிப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டித்தே தொடங்குகிறது. நம் வீடுகளிலோ வேறொரு தராசும் இருக்கிறது. 2020இல் கொரோனா நோய் பரவியபோது பலரும் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர்தான் அது. இரத்தத்திலுள்ள பிராணவாயுவை அது அளந்து காட்டுகிறது. அதைப் படிக்கத் தெரியாமல் நான் செய்த பிழை உங்களுக்கு நேராதிருக்கவே இதை எழுதுகிறேன்.

என் அத்தாவுக்கு சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் நோய். பல வருட சிகரெட் தந்த பரிசு. ஒருநாள் சுபுஹு நேரம், ஒளுச் செய்த ஈரக்கையிலேயே கருவியை மாட்டினோம். 82 என்றது. வீடே கலங்கியது. கையைத் துடைத்துச் சூடேற்றியதும் 92 காட்டியது. "இந்தக் கருவி இப்படித்தான்" என்று அன்று முதல் அலட்சியமானேன்.

சில மாதம் சென்று ஒரு காலையில் அத்தா பேச்சை முடிக்க இயலாமல் மூச்சு வாங்கினார்கள். கருவியில் 90. "ரெண்டுதானே குறைஞ்சிருக்கு, நீ போய்க் கடையைத் தொற தம்பி" என்றார்கள். திறந்தேன். லுஹருக்குள் உதடு நீலம் பாரித்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். அல்லாஹ் காப்பாற்றினான்.

இக்கருவியின் முறையை 1974இல் வெளியிட்டவர் தக்குவோ ஆவோயாகி என்னும் ஜப்பானியப் பொறியாளர். விரலின் ஊடே சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் பாய்கின்றன. பிராணவாயு ஏந்திய இரத்தமும் ஏந்தாத இரத்தமும் இவ்வொளிகளை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. அந்த வித்தியாசத்தைக் கொண்டு நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிடுகிறது. சுகமுள்ளவருக்குப் பொதுவாக 95க்கு மேல் இருக்கும். நுரையீரல் நோயாளிக்கு இதனினும் குறைவே வழக்கமாக இருக்கலாம்.

கடைப்பிடிக்க வேண்டியவை:

1. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கையைத் துடைத்துச் சூடேற்றி, நெஞ்சளவில் அசையாமல் வைக்கவும். நகப்பூச்சோ கருமருதாணியோ இல்லாத விரலாக இருக்கட்டும். எண் ஓடாமல் நின்ற பிறகே குறிக்கவும்.

2. சுகமாயிருக்கும் நாட்களில் தினமும் ஒரே வேளையில் பார்த்துப் பேரேட்டில் எழுதி வாருங்கள். உங்கள் வழக்கமான எண் அதில் தெரியும். எந்த எண்ணுக்குக் கீழே போனால் வரவேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

3. இத்தராசின் படிக்கல்லும் சற்று முன்பின் ஆகும். 90 என்றால் உண்மை 86 ஆகவும் இருக்கலாம், 94 ஆகவும் இருக்கலாம். கறுத்த மேனியில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020இல் வந்த அமெரிக்க ஆராய்ச்சி எச்சரித்தது. நம்மவர் இதை மறக்கலாகாது. சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடையும் கருவி பிராணவாயு என்றே எண்ணிக்கொள்ளும்.

4. வீட்டில் பிராணவாயு வைத்திருப்போர் எண்ணைப் பார்த்துத் தாமாகவே கூட்டக்கூடாது. இந்நோயாளிகளில் சிலருக்கு அது அளவு மீறினால் இரத்தத்தில் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரும். அத்தகையோருக்கு டாக்டர்கள் 88 முதல் 92 வரையே குறி வைப்பார்கள்.

5. எல்லாவற்றிலும் முக்கியமானது: எண்ணைவிட ஆளைப் பாருங்கள். பேச்சுத் தடுமாறினாலோ, உதடு நீலமானாலோ, புத்தி தெளிவில்லாமல் உளறினாலோ, எண் எதுவாயினும் உடனே அழையுங்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

கடையை ஒருநாள் திறக்காவிட்டால் ஒருநாள் வரும்படிதான் போகும். மறுநாள் திறந்து ஈடுகட்டலாம். போன மூச்சுக்கு ஈடு ஏது? பெற்றோர் நம்மிடமுள்ள அமானிதம்.

வல்ல நாயன் நோயாளிகள் யாவருக்கும் ஷிபாவைத் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.