மிக் வெல்டிங்: பொறி பறக்கும் முன்னே கவனிக்க வேண்டியவை



காஜாங் வட்டாரத்தில் ரப்பர் மரம் நின்ற இடங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில்தான் 1995-இல் புத்ராஜெயாவைக் கட்டத் தொடங்கினார்கள். பால்வெட்டுக் கத்தி பிடித்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று பட்டறைகளில் கேட், கிரில் அடிக்கிறார்கள். செம்பனை ஆலைகளில் பழுது பார்க்கிறார்கள். சிலர் பழைய மிக் மிஷின் ஒன்றை வாங்கி, வீட்டுக் கொல்லையிலேயே தொழில் தொடங்குகிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் மிஷினைச் சரியாக அமைக்கத் தெரியாவிட்டால் கண்ணும் நெஞ்சும் கெட்டுப்போகும்.

மிக் என்றால் என்ன? குச்சி வெல்டிங்கில் ஒவ்வொரு ராடாக மாற்றுகிறோம். மிக் மிஷினிலோ சுருளிலிருந்து கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும். உருகும் இரும்பைக் காற்று கெடுக்காதபடி கேஸ் மூடிக் காக்கும்.

மிஷினை அமைக்கும் முறை:

1. இடம்: காற்றோட்டமான, காய்ந்த இடமாக இருக்கட்டும். பெட்ரோல், தின்னர், துணி, அட்டை எதுவும் பக்கத்தில் வேண்டாம். தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

2. மின்சாரம்: வீட்டுச் சுவரில் உள்ள சாதாரண 13 ஆம்பியர் பிளக் பெரிய மிஷினைத் தாங்காது. உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு தனி வயர் இழுங்கள். ஈரக் காலோடு வேலை செய்யாதீர்கள்.

3. கேஸ்: சிலிண்டரை நிமிர்த்தி, சங்கிலியால் கட்டுங்கள். ரெகுலேட்டரை மாட்டி, நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வையுங்கள். மூடிய அறையில் இந்தக் கேஸ் தங்கினால் மூச்சுக் காற்றே இல்லாமல் போகும்.

4. கம்பி: கம்பியின் கனமும் உருளையின் பள்ளமும், முனையின் துளையும் ஒத்திருக்க வேண்டும். கேஸோடு ஓட்டும் சாதாரணக் கம்பிக்குத் துப்பாக்கி பாசிட்டிவ் பக்கம். கேஸ் இல்லாத மருந்துக் கம்பிக்குப் பெரும்பாலும் நெகட்டிவ் பக்கம். எர்த் கிளாம்பைச் சாயம், துரு சுரண்டிய இரும்பில் கடியுங்கள்.

5. அளவு: 0.8 மில்லிமீட்டர் கம்பியில் 2 முதல் 3 மில்லிமீட்டர் இரும்பை ஒட்ட, ஏறக்குறைய 17 முதல் 19 வோல்ட்டில் ஆரம்பிக்கலாம். தனிக் கார்பன் டையாக்சைடு என்றால் சற்றுக் கூட்ட வேண்டும். முதலில் கழிவு இரும்பில் ஓட்டிப் பாருங்கள். அப்பளம் பொரிவதுபோல் சீராகச் சத்தம் வந்தால் சரி. கம்பி இரும்பில் முட்டிக் கையைத் தள்ளினால் வேகம் அதிகம். கம்பி முனையிலேயே உருகி ஒட்டிக்கொண்டால் வேகம் போதாது.

இனி உடல்நலம்.

கண்: 10 அல்லது 11 எண் கறுப்புக் கண்ணாடி உள்ள முகமூடி அவசியம். கூலிங் கிளாஸ் போதாது. "ஒரு பொட்டுத்தானே" என்று வெறுங்கண்ணால் பார்த்தால், சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், மண் அள்ளிப் போட்டாற்போல் கண் எரியும். தாய்ப்பால், உருளைக்கிழங்குச் சாறு எதையும் ஊற்ற வேண்டாம். மறத்துப்போகும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி விடவும் வேண்டாம். டாக்டரிடம் போங்கள். வேடிக்கை பார்க்கும் குழந்தைகளையும் தள்ளி நிறுத்துங்கள்.

புகை: வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று 2017-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முடிவு சொன்னது. தலையைப் புகைக்குள் நீட்டாதீர்கள். காற்றாடியைப் பக்கவாட்டில் வைத்துப் புகையை விலக்குங்கள். ஒட்டும் இடத்தில் நேராக வீசினால் கேஸ் கலைந்துவிடும். துத்தநாகம் பூசிய பைப்பை அப்படியே ஒட்டினால், ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். பூச்சைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். பால் குடித்தால் புகை போய்விடும் என்பது வெறும் பேச்சு.

டிரம்: எண்ணெய் டிரம்மை ஒருபோதும் சுத்தம் செய்யாமல் ஒட்டாதீர்கள். காலி டிரம்தானே என்று நினைப்பீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடித்து ஆளையே கொன்றுவிடும்.

கடைசியாக ஒன்று. முகமூடி, கையுறை தருவது முதலாளியின் கடமை. அதற்காகச் சம்பளத்தில் பிடிக்க 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டம் இடந்தரவில்லை. வேலையில் காயம் பட்டால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே அன்றைக்கே சொல்லுங்கள். மருத்துவச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கொல்லையில் சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோ திட்டம் உண்டு. பதிந்துகொள்ளுங்கள்.

இரும்பு உடைந்தால் மறுபடி ஒட்டலாம். போன கண்ணை ஒட்ட எந்த மிஷினும் இல்லை.