தொலைவில் இருப்போர் ஒரே பலகையில் பணி புரிதல்

பல ஊர்களில் உள்ளோர் ஒரு வேலையைக் கூடிச் செய்வதாயின், அவர்கள் யாவரும் ஒரே படத்தைக் கண்டு பேசுதல் வேண்டும். கோலார் தங்கவயலில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி இதனை நன்கு விளக்கும்.

கோலார் ஆராய்ச்சி

1960-களின் தொடக்கத்தில், அங்கே சுமார் 2.76 கிலோமீட்டர் ஆழத்தில் வைக்கப்பட்ட கருவியில் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஒரு மியூவான் துகளும் பதிவாகவில்லை. விண்கதிர்களால் காற்று மண்டலத்தில் உண்டாகும் மியூவான்களைப் பாறை பெரும்பாலும் தடுத்துவிடுகிறது என்பது இதனால் விளங்கியது. பாறையையும் ஊடுருவும் நியூட்ரினோவைத் தேடுவதற்கு இத்தகைய ஆழமே ஏற்றது. ஆகவே பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், ஜப்பானின் ஒஸாகா நகரப் பல்கலைக் கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக் கழகம் ஆகிய மூன்றும் கூடி, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவின.

துகள் பட்டால் ஒளி உமிழும் பிளாஸ்டிக் பலகைகளும், நியான் குழல்களின் அடுக்குகளும் அக்கருவிகளில் இருந்தன. ஒளிர்ந்த குழல்களின் வரிசையே துகள் சென்ற வழியாகும். அவ்வழி செங்குத்தை ஒட்டியிருப்பின், அது மேலிருந்து வந்த மியூவானாக இருக்கலாம். கிடைமட்டத்தை ஒட்டியிருப்பின், காற்று மண்டலத்து மியூவான் அத்தனை நீண்ட பாறையைக் கடந்து வர இயலாது. எனவே அது அருகிலுள்ள பாறையில் நியூட்ரினோவால் பிறந்த மியூவான் என்று கொள்ளப்படும். ஆகவே கோணத்தை அளப்பதைப் பொறுத்தே முடிவு அமைந்தது. கிடைத்த நிகழ்ச்சிகளோ மிகச் சில. ஒன்றைப் பிழைபடக் கணித்தாலும் முடிவு பழுதுறும். குழல்கள் ஒளிர்ந்ததைக் காட்டும் புகைப்படமே மூன்று நாட்டாரும் சரிபார்க்கத்தக்க பொதுப் பலகையாயிற்று. இம்முடிவு 1965 ஆகஸ்டில் வெளியாயிற்று. தங்கச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன.

இணைய வெண்பலகை

இன்று அத்தகைய பொதுப் பலகையைக் கணினித் திரையிலேயே அமைக்கலாம். ஒருவர் கோடு இழுத்தவுடன், அக்கோட்டின் புள்ளிகள் எங்கெங்கு உள்ளன என்னும் எண்கள் மையக் கணினிக்குச் சென்று, பிறருடைய திரைகளிலும் அதே இடத்தில் கோடாக வரையப்படும். முழுப் படமும் ஒவ்வொரு முறையும் அனுப்பப்படுவதில்லை. ஆதலால் கோடுகளுக்கும் சொற்களுக்கும் வேகம் குறைந்த இணைப்பே பெரும்பாலும் போதும். புகைப்படங்களுக்கு அது போதாது.

களப் பணியாளர் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. அடிப்படை வரைபடத்தில் அளவுகோலையும் வட திசையையும் முதலில் குறித்து, அது நகராதபடி பூட்டிவிடுக.

2. ஒவ்வொரு குறிப்புடனும் நாள், நேரம், அளந்தவர் பெயர் ஆகியவற்றை எழுதுக.

3. கண்டதை ஒரு நிறத்திலும், கருதியதை வேறு நிறத்திலும் குறிக்க.

4. பிறர் குறிப்பை அழிக்காது, ஐயத்தை அதன் அருகில் எழுதுக.

5. நாள் முடிவில் ஒரு பிரதி எடுத்து வைக்க.

பள்ளிப் பயிற்சி

வடக்கிலும் தெற்கிலும் உள்ள இரு பள்ளிகள், இரண்டிடத்தும் நிழல் ஒரே திசையில் விழும் ஒரு நாளில், ஒரு மீட்டர் கோலின் மிகக் குறுகிய நிழலை அளந்து, ஒரே பலகையில் வரையலாம். நிழலிலிருந்து கணித்த இரு சூரியக் கோணங்களின் வேறுபாடே அவ்விரு ஊர்களின் அட்சரேகை வேறுபாடாகும். இரண்டு அளவுகளும் அருகருகே நிற்பதால், எந்த அளவில் பிழை நேர்ந்தது என்பதை மாணவர்கள் தாமே ஆராய்ந்து திருத்தக் கற்பர்.