மூணு மாசம்னா எத்தனை நாள்?

எங்கள் கடையநல்லூரில் துபாய், சவூதி, சிங்கப்பூர் போய்வந்த ஆள் இல்லாத தெரு இருக்காது. அதனால் விசா விஷயத்தில் யோசனைக்குப் பஞ்சமில்லை. பொறியியல் மூன்றாம் ஆண்டில் ஜெர்மனி ஆய்வகங்களுக்குக் கோடை இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதத் தொடங்கியபோது துபாய் மாமா போனிலேயே வழி சொன்னார்: “மருமவனே, விசிட்டுல போயிரு. மத்தத அங்கன போயி பாத்துக்கிடலாம்.”

அதை நம்பி இரண்டு விண்ணப்பம் வீணான பிறகுதான் புத்தி வந்தது. ‘விசா தேவையா?’ என்ற கட்டத்தை ஒன்றில் காலியாக விட்டேன். மற்றதில் ‘ஆம்’ என்று மொட்டையாக எழுதினேன். இரண்டுக்கும் பதிலே வரவில்லை. மூன்றாவதில் விவரமாக எழுதினேன்: “இந்தியக் குடிமகன், குறுகிய கால விசா வேண்டும். விண்ணப்பம், கட்டணம், காப்பீடு என் பொறுப்பு. தேதி, வேலை, உதவித்தொகை குறிப்பிட்ட அழைப்புக் கடிதம் தாருங்கள். உங்கள் நாட்டு வேலைவாய்ப்பு முகமையின் இசைவு தேவைப்பட்டால் அதை நீங்கள் வாங்கித்தர வேண்டும்.” நான்காம் நாள் பேராசிரியரிடமிருந்து பதில். நமக்காக எவ்வளவு அலைய வேண்டுமோ என்று அவர்களுக்கும் தயக்கம் இருக்கும். அளவைச் சொல்லிவிட்டால் தயக்கம் பாதி குறையும்.

கடிதத்தில் மே 1 முதல் ஜூலை 31 வரை என்றிருந்தது. மூன்று மாதம்தானே என்று மகிழ்ந்தவன், காலண்டரில் எண்ணிப் பார்த்தால் 92 நாள்! ஜெர்மனிக்கு வேண்டிய ஷெங்கன் குறுகிய கால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம்; இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். ஜூலை 25-இல் முடியும்படி மாற்றி வாங்கினேன்.

அடுத்த சிக்கல் பெயர். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. கல்லூரிச் சான்றிதழில் இனிஷியல் உண்டு. அழைப்புக் கடிதத்தில் அந்த இனிஷியலே குடும்பப் பெயராகிவிட்டது! 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று அமீரகம் அறிவித்தபோது எங்கள் தெரு பட்ட பாடு நினைவிருந்தது. பாஸ்போர்ட் பக்கத்தை அனுப்பி, அதில் உள்ளபடியே கடிதத்தைத் திருத்தச் சொன்னேன்.

நாட்டுக்கு நாடு விதி மாறும். பிரிட்டனில் சாதாரண விசிட்டர் விசாவில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பும் பொதுவாகக் கூடாது. அமெரிக்காவின் ஜே-1 விசாவுக்கு டி.எஸ்.-2019 படிவம் அங்கிருந்துதான் வர வேண்டும். ஆகவே முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள்: “இதற்குமுன் உங்களிடம் வந்த இந்திய மாணவர்கள் எந்த விசாவில் வந்தார்கள்?”

ஷெங்கனுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாள் வரை இழுக்காதீர்கள். பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்பிய இரவு, கோப்பில் நான் கடைசியாகச் செருகியது கல்லூரிக் கடிதம்: ஆகஸ்டில் நான்காம் ஆண்டு வகுப்பு தொடங்குகிறது, இவர் வந்து சேர வேண்டும் என்று. ‘திரும்பி வருவாயா?’ என்று எவரேனும் கேட்டால் வாயால் சத்தியம் செய்யத் தேவையில்லை. தாளை நீட்டினால் போதும்.