நம் வரலாற்றுக்கும் ஓர் இடம் உண்டு
நூல்நிலையமும் அரும்பொருளகமும்

உழைத்துக் களைத்தவர்க்கு ஓய்வு நாள் அருமையானது. அந்நாளில் உறவினர் இல்லம் செல்வதும், கோயிலுக்குச் செல்வதும், திரைப்படம் காண்பதும் இயல்பே. ஆயினும், தோட்டத்திற்கு அண்மையிலுள்ள பட்டணத்தில் நமக்காகக் கதவு திறந்திருக்கும் இரண்டு இடங்களை நம்மில் பலர் எட்டிப் பார்ப்பதில்லை. ஒன்று நூல்நிலையம், மற்றொன்று, 'மியூசியம்' என்று நாம் வழக்கில் கூறும் அரும்பொருளகம். அவை படித்தவர்க்கும் பட்டணத்தார்க்கும் மட்டுமே உரியவை என்ற எண்ணமே இதற்குக் காரணம்.

அவ்வெண்ணம் தவறானது, நமக்கு இழப்பையும் தருவது. ஒரு நாட்டு மக்களின் நினைவு சேர்த்து வைக்கப்படும் இடங்கள் இவை. இங்கு யாருடைய நினைவு இடம்பெறவில்லையோ, அவர்களுடைய வாழ்வு இரண்டு தலைமுறைக்குப் பின் அறிவாரின்றி மறைந்துவிடும். ஆகவே, இவ்விடங்களில் நடைபெறும் நிகழ்ச்சிகள் யாவை, அவற்றிற்கு நாம் கொண்டு செல்ல வேண்டியவை யாவை என்பனவற்றை இப்பாடத்தில் காண்போம்.

இவ்விடங்கள் தோன்றிய வரலாறு

நம் நாட்டின் மிகப் பழைய அரும்பொருளகம், பேராக் மாநிலத்துத் தைப்பிங் நகரில் 1883ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. தலைநகரில் இருந்த சிலாங்கூர் அரும்பொருளகம் 1945ஆம் ஆண்டு போரின்போது குண்டு வீச்சுக்கு இரையாயிற்று. அவ்விடத்தில் எழுந்த தேசிய அரும்பொருளகம் 1963ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. அதன் முகப்பின் இருபுறமும் உள்ள பெரிய சுவரோவியங்கள் நாட்டின் வரலாற்றையும் மக்களின் தொழில், கலைகளையும் காட்டுகின்றன.

தேசிய நூல்நிலையம் 1966இல் தேசியப் பழஞ்சுவடிக் காப்பகத்தின் ஒரு பிரிவாகத் தோன்றியது. 1972ஆம் ஆண்டு அதற்கெனச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 1986ஆம் ஆண்டின் மற்றொரு சட்டப்படி, இந்நாட்டில் அச்சாகும் நூல் ஒவ்வொன்றிலும் ஐந்து படிகளை வெளியிடுவோர் அங்கு ஒப்படைத்தல் வேண்டும். தமிழ் நூல்களும் இதற்கு விலக்கல்ல. இவையன்றி மாநில நூல்நிலையங்களும், சிற்றூர்தோறும் பரவியுள்ள கிராம நூல்நிலையங்களும் மக்களுக்குப் பணியாற்றி வருகின்றன.

அங்கு நடைபெறும் நிகழ்ச்சிகள்

நூல்நிலையம் என்றால் வாய் மூடிப் படிக்கும் இடம் என்றும், அரும்பொருளகம் என்றால் கண்ணாடிப் பெட்டிகளை வேடிக்கை பார்க்கும் இடம் என்றும் நினைத்திருந்த காலம் மாறிவிட்டது. சிறுவர்க்குக் கதை சொல்லுதல், புத்தகக் கண்காட்சி, கைவினைப் பயிற்சி, நாட்டுக் கலை நிகழ்ச்சி, முதியோருடன் உரையாடல், பழம்படக் காட்சி ஆகியவை இன்று அங்கு நடைபெறுகின்றன. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாளாகவும், மே 18 அனைத்துலக அரும்பொருளக நாளாகவும் கொண்டாடப்படுகின்றன. கோலாலம்பூர் மாநகரம் 2020ஆம் ஆண்டிற்குரிய உலகப் புத்தகத் தலைநகராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறப்பையும் பெற்றது.

இத்தகைய நிகழ்ச்சிகளில் பொதுமக்கள் பார்வையாளராக மட்டுமே இருக்க வேண்டியதில்லை, பங்காளிகளாகவும் இருக்கலாம். அண்டை நாடான சிங்கப்பூரில் இதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன. அங்கு 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில், குடும்பங்கள் தம் வீட்டில் பாதுகாத்த பொருள்களைக் காட்சிக்கு அளித்தன. அதே ஆண்டில், 1965 முதல் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களுள் ஏறத்தாழ 350 நூல்கள் கணினி வழியே யாவரும் படிக்கும் வகையில் தேசிய நூல்நிலையத்தில் சேர்க்கப்பட்டன. தமிழ்த் தொண்டர்கள் முன்வந்து நூல்களைத் திரட்டிப் பிழை திருத்தி உதவியதாலேயே அப்பணி நிறைவேறிற்று.

ஏட்டில் ஏறாத கதை

நமது நிலை யாது? 1877ஆம் ஆண்டு 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன என்பதை எந்த வரலாற்று நூலிலும் காணலாம். மரத்தைச் சிதைக்காமல் பால் எடுக்கும் முறையைப் பரப்பிய ரிட்லி என்னும் அறிஞரின் பெயரும் அங்கே உண்டு. ஆனால், அம்மரங்களை நாள்தோறும் வெட்டியவர்கள் எத்தனை மணிக்கு எழுந்தனர், பிரட்டுக் களத்தில் எவ்வாறு நின்றனர், மழை நாளில் அடுப்பு எவ்வாறு எரிந்தது, ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைத் தூங்க வைத்த பாட்டு எது என்பன போன்ற செய்திகள் நூல்களில் அருகியே காணப்படுகின்றன. அவை முதியோரின் நெஞ்சில் மட்டுமே உள்ளன.

சயாம் மரண ரயில் பாதையை எண்ணிப் பாருங்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943ஆம் ஆண்டு அக்டோபரில் முடிக்கப்பட்டது. அதற்கென ஜப்பானியர் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவரைக் கொண்டு சென்றனர். போர்க் கைதிகளாயிருந்த வெள்ளையர் பலர் நாட்குறிப்பும் நூலும் எழுதினர். ஆதலால் அவர்களுடைய துயரம் உலகறிந்தது. நம்மவரோ பெரும்பாலும் எழுத்தறியாதவர். திரும்பி வந்தவர் தம் குடும்பத்தாரிடம் சொன்னதே எஞ்சியது. அதைக் கேட்டவர்களும் இன்று முதுமை எய்திவிட்டனர்.

கல்லால் ஆனவையும் காப்பாரின்றேல் அழியும். கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்காலக் கோயில்களின் அடித்தளங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றை விளக்கும் அரும்பொருளகம் மெர்போக்கில் உள்ளது. ஆயினும், முறையாகப் பதிவு செய்யப்படாத தனியார் நிலத்தில் இருந்த ஒரு கோயிலின் எச்சம், மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்ட செய்தி 2013ஆம் ஆண்டு வெளியாயிற்று. கல்லுக்கே இக்கதி என்றால், ஒரு தகரப் பெட்டியில் கிடக்கும் புகைப்படத்திற்கு என்ன காவல் உண்டு? ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயம் இடிக்கப்படும் நாளில் முதலில் குப்பைக்குச் செல்வது அந்தத் தகரப் பெட்டியே.

நாம் செய்ய வேண்டியவை

1. புகைப்படங்கள்: வீட்டிலுள்ள பழைய படங்களை முதியோரிடம் காட்டி, படத்திலுள்ளோர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று கேட்டறிக. படத்தின் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுக. பேனா மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். வழவழப்பான தாளில் பென்சில் பதியாவிட்டால், படத்தை ஓர் உறையிலிட்டு உறையின்மேல் எழுதி வைக்கலாம். ஒட்டு நாடா வேண்டா. ஈரமும் வெயிலும் படாத இடமே படங்களுக்கு ஏற்றது. பெயரற்ற படம் வெறும் தாள். பெயருள்ள படமே சான்று.

2. கருவிகள்: பால்வெட்டுக் கத்தி, மங்கு, வாளி, காண்டாக் கம்பு, தப்பு, அம்மி, பழைய சம்பளச் சீட்டு ஆகிய யாவும் அரும்பொருள்களே. அவற்றைக் காட்சிக்கு வைக்கும்போது பெயரை மட்டும் எழுதினால் போதாது. "பால்வெட்டுக் கத்தி" என்று எழுதினால் காண்பவர் கடந்து செல்வர். "மரப்பட்டையை மெல்லியதாகச் சீவும் கத்தி. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் இதனால் வெட்டுவர்" என்று எழுதினால் நின்று படிப்பர். தமிழிலும் மலாயிலும் எழுதினால் பிற இனத்தாரும் அறிந்துகொள்வர்.

3. முதியோர் குரல்: எழுதத் தெரியாதவரின் வரலாற்றையும் கைப்பேசியில் பதிவு செய்யலாம். முதலில் அவருடைய இசைவைப் பெறுக. அமைதியான இடத்தில், ஒரு முறைக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகாமல் பேசச் செய்க. "அந்தக் காலம் துன்பமாக இருந்ததா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். "முதன்முதல் பால் வெட்டப் போன நாளைச் சொல்லுங்கள், பாட்டி" என்று கேட்டால் கதை பிறக்கும். இடையில் திருத்த வேண்டா. அவர் அறிந்த தாலாட்டு, ஒப்பாரி, கும்மிப் பாட்டு ஆகியவற்றையும் பாடச் சொல்லுக. பதிவின் தொடக்கத்தில் பெயர், ஊர், தேதி ஆகியவற்றைக் கூறிவிடுதல் இன்றியமையாதது.

4. நிகழ்ச்சி: தோட்டத்து இளைஞர் மன்றமோ, மாதர் பிரிவோ, பள்ளிப் பெற்றோர் சங்கமோ அருகிலுள்ள நூல்நிலைய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதி, 'தோட்ட நினைவு நாள்' ஒன்றை நடத்த அனுமதி கேட்கலாம். ஒரு மேசையில் கருவிகள், ஒரு சுவரில் படங்கள், ஒரு மணி நேரம் முதியோர் பேச்சு, முடிவில் தப்பாட்டம் அல்லது கோலாட்டம் எனச் சிறிய அளவில் தொடங்குவதே நன்று. பள்ளிப் பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் செய்தல் வேண்டும்.

5. எச்சரிக்கை: எந்தப் பொருளையும் எழுத்துச் சான்றின்றிக் கொடுத்துவிடலாகாது. அது இரவலா, நன்கொடையா என்பதைத் தெளிவாகக் குறித்துச் சீட்டுப் பெறுக. இரவலாயின் திருப்பித் தரும் நாளும் அதில் இருத்தல் வேண்டும். படங்களின் நகலைக் கொடுத்து மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்வதும் ஒரு வழியாகும்.

முடிவுரை

இம்முயற்சியால் என்ன பயன் என்று சிலர் வினவக்கூடும். கூலி உயராது, வேலைச் சுமை குறையாது, உண்மையே. ஆயினும், தோட்டத்துப் பிள்ளை ஒன்று அரும்பொருளகத்தில் நின்று, "இது என் பாட்டி தூக்கிய வாளி" என்று பிறரிடம் சொல்லுமாயின், அப்பிள்ளை தன் குலத்தைப் பற்றி இனி ஒருபோதும் நாணாது. இந்நாட்டின் செல்வத்தில் தன் பாட்டியின் வியர்வையும் உண்டு என்பதை அது கண்ணால் கண்டறிந்துவிட்டது.

எனவே, இவ்வார ஓய்வு நாளில் இரண்டு செயல்களை மேற்கொள்வோம். பிள்ளைகளை அழைத்துச் சென்று அருகிலுள்ள நூல்நிலையத்தில் உறுப்பினராகச் சேர்ப்போம். மாலையில் வீட்டிலுள்ள பெட்டியைத் திறந்து, மிகப் பழைய படம் ஒன்றை எடுத்து, அதிலுள்ளோர் பெயர்களை எழுதி வைப்போம். பெயர் சொல்லக்கூடியவர் நம்மிடையே இருக்கும்போதே இதனைச் செய்துவிடுதல் வேண்டும்.