திரையை அணைப்பது யார்?

‘மானிட்டர் தானாக ஆஃப் ஆகிறது, கொஞ்சம் வந்து பாருங்கள்’ என்று யார் கூப்பிட்டாலும், போனிலேயே நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: திரை இருண்ட பிறகு, மானிட்டரின் ஓரத்தில் இருக்கும் சின்ன விளக்கு எப்படி இருக்கிறது? கடைகளிலும் கிளினிக்குகளிலும் சிறு அலுவலகங்களிலும் கம்ப்யூட்டர் பராமரிப்பது என் தொழில். செட்டிங்ஸில் கை வைக்கும் முன் அந்த விளக்கைப் பார்த்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

விளக்கைப் பாருங்கள்

விளக்கின் நிறம் மாறியிருந்தாலோ, விட்டுவிட்டு எரிந்தாலோ, கம்ப்யூட்டரிலிருந்து சிக்னல் வரவில்லை என்று பொருள். பழைய விஜிஏ மானிட்டர்களுக்காக 1993இல் வெசா அமைப்பு ‘டிபிஎம்எஸ்’ என்ற முறையை வகுத்தது. கம்ப்யூட்டர் தன் சிங்க் சிக்னலை நிறுத்தினால் மானிட்டர் தூங்கப் போய்விடும். எச்டிஎம்ஐ வந்த பிறகும், சிக்னல் நின்றால் தூங்குவது என்ற வழக்கம் மாறவில்லை. அதனால் கேபிள் தளர்ந்து சிக்னல் அறுந்தாலும் திரை அதேபோல் இருண்டுவிடும். மவுஸை அசைத்ததும் படம் திரும்பினால் காரணம் செட்டிங்ஸில் இருக்கிறது. கேபிளை அழுத்திச் செருகியதும் திரும்பினால் கேபிளை மாற்றுங்கள்.

விளக்கு வழக்கமான நிறத்திலேயே எரிந்து, திரை மட்டும் கருப்பாக இருந்தால் இரண்டு காரணங்களைப் பார்ப்பேன். ஒன்று, ஸ்கிரீன் சேவரில் ‘பிளாங்க்’ தேர்வாகியிருக்கலாம். அதை ‘நன்’ என்று மாற்றினால் போதும். மவுஸை அசைத்தும் படம் வரவில்லையென்றால், செல்போன் டார்ச்சைத் திரைக்கு அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் பேக்லைட் போய்விட்டது. அதற்கு செட்டிங்ஸில் மருந்து இல்லை.

விளக்கே அணைந்திருந்தால் மானிட்டரின் பவர் அடாப்டரையும் வயரையும் சோதியுங்கள். அடுத்து, மானிட்டரின் பட்டனை அழுத்தினால் வரும் மெனுவில் ‘ஆட்டோ பவர் ஆஃப்’, ‘ஆஃப் டைமர்’ போன்ற பெயர்களில் ஏதாவது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் என்ன மாற்றினாலும் இந்த டைமர் அதற்குக் கட்டுப்படாது.

விண்டோஸில் மாற்ற வேண்டியவை

செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போனால் திரை எத்தனை நிமிடத்தில் அணைய வேண்டும் என்பது இருக்கும். அதை ‘நெவர்’ ஆக்குங்கள். அதன் பக்கத்திலேயே ‘ஸ்லீப்’ நேரமும் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் கம்ப்யூட்டரே தூங்கிவிடும், திரையும் கூடவே போய்விடும்.

லேப்டாப்பில் சார்ஜருக்கு ஒரு நேரம், பேட்டரிக்கு ஒரு நேரம் என்று தனித்தனியாக உண்டு. பலரும் சார்ஜருக்கு மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். கரண்ட் போனதும் பேட்டரிக்கான நேரம் அமலுக்கு வந்து, திரை சில நிமிடங்களில் அணைந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. கம்ப்யூட்டர் லாக் ஆகிவிட்டால் ‘நெவர்’ பலிக்காது. லாக் திரைக்கென்று விண்டோஸ் தனியாக ஒரு நேரம் வைத்திருக்கிறது, வழக்கமாக 1 நிமிடம். எப்போதும் தெரிய வேண்டிய திரையென்றால் அந்த கம்ப்யூட்டரை லாக் செய்யாதீர்கள். அதில் சொந்த மெயில், பேங்க் கணக்கு எதுவும் இல்லாத தனி யூசர் கணக்கு ஒன்றைத் திறந்து வையுங்கள்.

டோக்கன் திரை

இந்த வேலையில் நான் மிகவும் அக்கறை எடுப்பது கிளினிக்குகளின் டோக்கன் திரைக்குத்தான். ஓடும் வீடியோ என்றால் பிளேயரே விண்டோஸிடம் ‘திரையை அணைக்காதே’ என்று கேட்டுக்கொள்ளும். வெறும் டோக்கன் எண்ணைக் காட்டும் பக்கம் பெரும்பாலும் அப்படிக் கேட்பதில்லை. அந்த மவுஸை நாள் முழுக்க யாரும் தொடுவதுமில்லை. திரை இருண்டால், காது சரியாகக் கேட்காத ஒரு பெரியவர் தன் எண் போனதே தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

அங்கே சுவரில் இருப்பது பெரும்பாலும் டிவி. ரிமோட்டைச் சில மணி நேரம் தொடாவிட்டால் தானாக அணையும் வசதி பல டிவிகளில் உண்டு. காலையில் நன்றாக இருந்து பிற்பகலில் அணைகிறது என்றால், கம்ப்யூட்டரை விட்டுவிட்டு முதலில் டிவியின் மெனுவைத் திறப்பேன்.

எங்கே ‘நெவர்’ வேண்டாம்

ஒரு மீட்டிங்குக்கோ வகுப்புக்கோ மட்டும் திரை எரிய வேண்டுமென்றால் நிரந்தரமாக எதையும் மாற்றாதீர்கள். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘பவர்டாய்ஸ்’ தொகுப்பில் ‘அவேக்’ என்று ஒரு கருவி இருக்கிறது. எத்தனை மணி நேரம் என்று சொல்லி, ‘கீப் ஸ்கிரீன் ஆன்’ என்பதையும் டிக் செய்துவிட்டால், நேரம் முடிந்ததும் பழைய அமைப்பு திரும்பிவிடும்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில், இந்த அமைப்பை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற வரி தெரிந்தால், குறுக்கு வழி தேடாமல் ஐடி பிரிவிடம் கேளுங்கள். ஆள் இல்லாத மேஜையில் திறந்து கிடக்கும் திரையில் வாடிக்கையாளர் விவரம் இருக்கலாம்.

ஓஎல்இடி திரையில் ஒரே படத்தை நாள்கணக்கில் வைத்தால் அதன் தடம் நிலையாகப் பதிந்துவிடும். அங்கே ‘நெவர்’ கூடவே கூடாது. எல்சிடி திரையானாலும் கடை மூடும்போது கையால் அணைத்துவிடுங்கள். 20 வாட் மானிட்டர் தினமும் இரவில் 14 மணி நேரம் வீணாக எரிந்தால் மாதத்துக்கு 8 யூனிட்டுக்கு மேல் போகும்.

மாற்றிய பிறகு

செட்டிங்ஸை மாற்றியதும் கிளம்பிவிடாதீர்கள். முன்பு 10 நிமிடத்தில் அணைந்த திரையென்றால், மவுஸைத் தொடாமல் 15 நிமிடம் அதன் முன்னால் உட்காருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை பாருங்கள். என்ன மாற்றினீர்கள், முன்பு என்ன இருந்தது என்பதை ஒரு தாளில் எழுதி சிபியூ மேல் ஒட்டுங்கள். அடுத்த முறை பார்க்க வருபவர் வேறு யாராகவும் இருக்கலாம்.