டென்னிஸ் மட்டையோட ஒரு ராஜா: கார்ட்டூனை எப்படிப் படிக்கிறது?

நண்பர்களே, டாப் வியூ, சைடு வியூ எல்லாம் ஃபர்ஸ்ட் இயர்லயே போட்டுப் பழகியாச்சு. இப்போ கொஞ்சம் கஷ்டமான கேள்வி. துப்பாக்கியைத் தொடாத, சம்பவம் நடந்த இடத்திலேயே இல்லாத ஒரு அரசனை, "நீயும்தான் பொறுப்பு" என்று படத்தில் எப்படிக் காட்டுவீங்க? ரஷ்ய ஓவியர் வலென்டின் செரோவ் 1905-ல் பதில் சொன்ன கேள்வி இது.

முதல்ல பின்னணி. 1905 ஜனவரி 9 (இன்றைய காலண்டர்படி 22), ஞாயிற்றுக்கிழமை. பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர்கள் குடும்பத்தோடு, சாமி படங்களையும் ஜார் இரண்டாம் நிக்கோலஸின் படத்தையும் ஏந்திக்கிட்டு, குளிர்கால அரண்மனைக்கு மனு கொடுக்கப் போனாங்க. எட்டு மணி நேர வேலை உட்பட சில கோரிக்கைகள். ராணுவம் சுட்டது. அரசாங்கக் கணக்கிலேயே நூறு பேருக்கு மேல் இறந்தாங்க. ஜார் அன்னைக்கு அரண்மனையில் இல்லை.

கலை அகாடமியின் ஜன்னல் வழியா படைகள் கூட்டத்தைத் தாக்கியதை செரோவ் பார்த்தார். அந்த அகாடமியின் தலைவர் யார் தெரியுமா? ஜாரின் சித்தப்பா விளாதிமீர். தலைநகரப் படைகளின் தளபதியும் அவரேதான். செரோவும் ஓவியர் பொலேனோவும் எதிர்ப்புக் கடிதம் எழுதினாங்க. அகாடமி அதைக் கண்டுக்கவில்லை. செரோவ் உறுப்பினர் பதவியை விட்டு வெளியேறினார்.

அப்புறம்தான் படங்கள். ஒன்று, 'ஜூபெல்' என்ற நையாண்டிப் பத்திரிகையின் முதல் இதழில் வந்தது. வாளை உருவிக்கொண்டு பாயும் வீரர்கள். தூரத்தில் சின்னச் சின்னதாக மக்கள். தலைப்பு வீரர்களின் பாட்டிலிருந்து எடுத்தது: உங்க பெருமை எங்கே என்று கேட்கிறது. மூணே இதழ்தான், பத்திரிகையை மூடிட்டாங்க.

இன்னொன்றில்தான் ஜாரே வருகிறார். கலவரத்தை அடக்கிய பிறகு வீரர்களுக்குப் பதக்கம் கொடுக்கிறார். அக்குளில் டென்னிஸ் மட்டை!

இங்கே கவனிங்க. செரோவ் ஜாருக்குக் கொம்பு வைக்கவில்லை, கையில் ரத்தம் பூசவில்லை. மட்டை சொல்வது: இவருக்கு இது ஆட்டத்துக்கு நடுவில் ஒரு சின்ன வேலை. பதக்கம் சொல்வது அதைவிட முக்கியம். உத்தரவு போட்டது யார் என்று மழுப்பலாம். பதக்கம் கொடுத்ததை மழுப்ப முடியாது.

எனக்கு உறுத்தும் விஷயம் வேற. 1900-ல் இதே ஜாரை, சாதாரண ராணுவ ஜாக்கெட்டில், கைகளைக் கோத்து உட்கார்ந்த மென்மையான மனுஷனாக வரைந்ததும் செரோவ்தான். அந்த முகம் பொய்யில்லை. மென்மையான முகம் உள்ளவரும் பதக்கம் கொடுப்பார் என்பதுதான் பாடம்.

அடுத்த முறை ஒரு கார்ட்டூனைப் பார்த்துச் சிரிச்சுட்டு ஸ்க்ரோல் பண்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. அவர் கையில் என்ன இருக்கு? யாருக்கு என்ன கொடுக்கிறார்? இதை வரைந்தவர் எதை இழந்தார்?