உயர்கல்வியும் சார்பும்

அறிவும் ஒழுக்கமும் ஒருங்கு வளர்க்கும் முழுமைக் கல்வி வேண்டுமென்பது இன்று எழுந்த கோரிக்கை அன்று. 1948-49-இல் இராதாகிருஷ்ணன் தலைமையில் ஆராய்ந்த பல்கலைக்கழகக் கல்விக்குழு அதனை வற்புறுத்திற்று. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அதனைப் பேசுகின்றது. எனினும், கல்லூரிகள் பலவற்றில் இக்கருத்து, மதிப்பெண் பெறும் தேர்வுத்தாள் ஒன்றாய்ச் சுருங்கிவிடுகின்றது. அஃது அமையுமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது என்பது சித்தாந்தத் துணிபு. படிகம் தன்னை அடுத்த நிறத்தைக் காட்டுமாறுபோல, உயிர் தான் அழுந்திய பொருளின் இயல்பை மேற்கொள்ளும். ஆகலின், வாய்மை இன்னதென அறிதல் வேறு; வாய்மையுடையாரைச் சார்ந்து அதன்கண் நிற்றல் வேறு. முன்னது தேர்விற்கு அடங்கும்; பின்னது அடங்காது. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என ஞானத்தை நான்காக வகுத்த ஆன்றோர், கேட்டலோடு அமையாமையும் இதுபற்றியே என்க.

நன்னூலாரும் பொதுப்பாயிரத்தில் நூலியல்பு கூறியதனோடு அமையாது, ஆசிரியன் இயல்பும் மாணாக்கன் இயல்பும் வகுத்தார். நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்பன உவமையாயின. அவற்றுள் நிறைகோல் நடுவுநிலைமையையும் உணர்த்தும். நடுவுநிலைமையைப் பற்றிப் பத்துப் பாடம் ஓதினும், மதிப்பெண் இடுங்கால் ஆசிரியன் ஒருபாற் கோடுவனாயின், மாணாக்கன் கற்பது கோட்டமே.

ஆசிரியரோடு உடனிருந்து கற்ற பண்டைமுறை இக்காலக் கல்லூரிக்கு ஒவ்வாதெனின், அற்றன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்ட உ. வே. சாமிநாதையர், 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவருக்கு முன் அப்பதவியிலிருந்த தியாகராச செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. திருவாவடுதுறை மடத்துச் சூழலில் வளர்ந்த அச்சார்பு, மணியடித்து மாறும் வகுப்பறையினுள்ளும் அவர்கள் வழியாகப் புகுந்தது.

பண்டைமுறை பலர்க்கு வாயில் அடைத்திருந்தது என்பதும் மறுக்கலாகாது. யாவர்க்கும் வாயில் திறந்தமை கல்லூரியின் மேன்மை. அதனை இழவாது சார்பினை மீட்டலே நம் கடன். சிறுகுழுவினர்க்கு ஓராசிரியரைப் படிப்பு முடியுங்காறும் மாற்றாது அமைத்தல். ஆசிரியரைத் தேருங்கால் பட்டத்தோடு நடையும் நோக்கல். மாணாக்கர் கற்றதனைக் கொண்டு ஊரார்க்குத் தொண்டு செய்ய வழிவகுத்தல் என்னும் மூன்றும் அதற்கு வாயிலாம். புதிய தாள் ஒன்று சேர்த்தலினும் இவை அரியனவே. ஆயினும், ஆதீனங்கள் நடத்துங் கல்லூரிகள் இவற்றை முதற்கண் செய்துகாட்டுதல் தகும். குருவருளின் அருமை அறிந்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதின்று.